அட்டைக் குழாயை வளைப்பது எப்படி?

கம்பம் பள்ளத்தாக்கின் லோயர் கேம்ப்பில், 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் நான்கு ராட்சதக் குழாய்கள் வழியே மலையிறங்கி மின்சாரம் தருகிறது. அந்த மின்நிலையத்தின் மாதிரியை அட்டையில் செய்வோமா?

அட்டையை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் எளிதாக வளையும். காகித இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருப்பதே காரணம். எளிதாக வளையும் பக்கமே சுருட்டுங்கள், முறியாது.

குழாயின் விட்டம் 3.5 செ.மீ. என்றால், சுற்றளவு 22/7 × 3.5 = 11 செ.மீ. ஒட்டுவதற்கு 1 செ.மீ. சேர்த்து வெட்டுங்கள்.

சரிவின் அடியில் குழாய் திரும்பவேண்டுமே? பசை காய்ந்ததும், நேர்க்குறுக்கிலிருந்து 15 பாகை சாய்வாக அறுங்கள். ஒரு துண்டை அரைச் சுற்று திருப்பி ஒட்டுங்கள். குழாய் 30 பாகை திரும்பிவிடும்!

45 பாகை திரும்ப எத்தனை பாகை சாய்வில் அறுக்கவேண்டும்? செய்து பாருங்கள்.