பார்வை குறைவது நமக்கே தெரியாது

நான் தரம் 7 இல் படித்தபோது, பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் எனக்கு ஒரு துண்டு தந்தார்கள். பார்வை குறைவாக இருப்பதால் கண் கிளினிக்கில் காட்டும்படி அதில் எழுதியிருந்தது. "பொம்புளப் புள்ளைக்கு இந்த வயசிலேயே கண்ணாடியா? கரட் குடுத்தாச் சரியாகும்" என்றார் உம்மும்மா. துண்டு அலுமாரிக்குள் போனது.

இரண்டு வருடங்கள் தோழியின் கொப்பியைப் பார்த்தே எழுதினேன். கணிதத்தில் கழித்தல் அடையாளங்களைத் தவறவிட்டேன். கவனமில்லை என்று ஏசினார்கள். நானும் அப்படியே நம்பினேன். பலகை எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்பது என் எண்ணம். ஆகவேதான், கண் மங்கினால் பார்ப்போம் என்று காத்திருப்பது தவறு.

எனக்கிருந்தது குறும்பார்வை. விழிக்கோளம் சற்று நீண்டிருப்பதால், தூரப் பொருளின் விம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுகிறது. குழிவு வில்லை அதை விழித்திரையில் விழச் செய்கிறது. விற்றமின் ஏ கண்ணுக்கு அவசியம்தான். ஆனால் கரட் நீண்ட விழிக்கோளத்தைக் குறுக்காது. கண்ணாடி அணிவதால் கண் பழுதாவதுமில்லை. வளரும் வயதில் கண்ணும் வளர்வதால் அளவு மாறுகிறது. அதனால்தான் ஒவ்வொரு வருடமும் பரிசோதிக்க வேண்டும்.

எழுத்துகள் படிப்படியாகச் சிறுக்கும் பரிசோதனை அட்டையை 1862 இல் உருவாக்கியவர் ஒல்லாந்து வைத்தியர் ஸ்னெலன். 6/12 என்று எழுதினால், சாதாரண பார்வையுள்ளவர் 12 மீற்றரில் வாசிப்பதை நாம் 6 மீற்றரில்தான் வாசிக்கிறோம் என்பது பொருள்.

சிறு பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஒரு கண் மட்டும் மங்கலானால், மூளை அந்தக் கண்ணைப் படிப்படியாகப் புறக்கணித்துவிடும். மற்றக் கண் தெரிவதால் பிள்ளை முறையிடாது. இந்தச் 'சோம்பல் கண்ணை' ஏழு வயதுக்கு முன் கண்டுபிடித்தால் திருத்துவது இலகு, பிந்தினால் கடினம்.

பெரியவர்களுக்குக் குளுக்கோமா பெரும்பாலும் வலியின்றியே பக்கப் பார்வையைப் பறிக்கும். இழந்த பார்வை திரும்பாது. நீரிழிவு விழித்திரையின் குருதிக் குழாய்களைப் பாதிக்கும். எனவே நாற்பதைக் கடந்தவர்களும், முக்கியமாக நீரிழிவு உள்ளவர்களும் கண்ணைக் காட்ட வேண்டும்.

நமது நாட்டில் அரச வைத்தியசாலைகளின் கண் கிளினிக்குகளில் பரிசோதனை இலவசம். கொழும்பில் தேசிய கண் வைத்தியசாலையே இருக்கிறது. கண்ணாடி வாங்க வசதியில்லாவிட்டால் கிளினிக்கிலேயே கேளுங்கள். லயன்ஸ் கழகங்கள் போன்றவையும் உதவுகின்றன. வெட்கப்பட ஒன்றுமில்லை.

தரம் 9 இல் வகுப்பாசிரியை எழுதியனுப்பிய பிறகே வாப்பா என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றார். துணைக்கு வந்த உம்மும்மாவையும் பரிசோதித்தார்கள். இரு கண்ணிலும் வெண்புரை! சத்திரசிகிச்சைக்கு ஒரு சதமும் செலவாகவில்லை. இப்போது ஸுபஹுக்குப் பின் அவரே குர்ஆனைப் பார்த்து ஓதுகிறார், கண்ணாடி போட்டுக்கொண்டுதான்.

அன்பான பெற்றோர்களே, பெரிய பாடசாலைகளில் மருத்துவப் பரிசோதனை வழமையாக 1, 4, 7, 10 ஆம் தரங்களில்தான் நடைபெறும். இடைப்பட்ட வருடங்கள் உங்கள் பொறுப்பு. உயர்தரத் தோழியரே, நம்மை இனி யாரும் வரிசையில் நிறுத்தி அட்டையைக் காட்டப்போவதில்லை. நாமேதான் போக வேண்டும். கண் அல்லாஹ் நமக்குத் தந்த அமானிதம். துண்டு வீட்டுக்கு வந்தால் அதை அலுமாரிக்குள் வைக்காதீர்கள்.