நன்னூல் வழியே சுவாகிலி

என் தங்கை மகளுக்குச் சான்சிபாரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. 2023-இல் ஐ.ஐ.டி. மெட்ராஸ் அங்கே ஒரு வளாகம் தொடங்கியது, ஐ.ஐ.டி. ஒன்று வெளிநாட்டில் திறந்த முதல் வளாகம் அதுதான். பாடமெல்லாம் ஆங்கிலத்தில். ஆனால் கடைத்தெருவில் தக்காளி வாங்கச் சுவாகிலி வேண்டும். அதுவும் சான்சிபார் பேச்சு என்றால் சும்மா இல்லை: 1928-இல் மொம்பாசாவில் கூடிய மாநாடு பொதுச் சுவாகிலிக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது அந்தத் தீவின் வழக்கைத்தான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவள் கைப்பேசியில் பாடம் படித்தாள். பக்கத்தில் ஓய்வு பெற்ற தமிழாசிரியன். வாய் சும்மா இருக்குமா?

வினையடைகள் வரைக்கும் வழுக்கிக்கொண்டு போயின. நாம் ‘மெல்ல மெல்ல’ என்பதை அவர்கள் ‘போலேபோலே’ என்கிறார்கள். ‘கொஞ்சம் கொஞ்சமாக’ என்பது ‘கிடோகோ கிடோகோ’. இரட்டிப்பது நமக்குப் புதிதா என்ன? ‘க்வா ம்கோனோ’ என்றால் கையால். ‘அனாஃபூமா க்வா ம்கோனோ’, அதாவது கையால் நெய்கிறார். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இது பொருந்தும். ஒரே வித்தியாசம், நம் அடை வினைக்கு முன்னால் வரும், அவர்களுடையது பின்னால் வரும்.

சிக்கல் வினையெச்சத்தில் தொடங்கியது. வினைக்குள் ‘கி’ என்று ஓர் அசை நுழைகிறது. ஒரு பாடத்தில் அதற்கு ‘இஃப்’ என்று பொருள் போட்டிருந்தது, அடுத்ததில் ‘வென்’, இன்னொன்றில் ‘வைல்’.

“மாமா, இது இஃப்பா வென்னா? ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

“தறி வேலை முடிஞ்சா சாப்பிடலாம்னு உங்கம்மா சொல்றாளே, அது இஃப்பா வென்னா?”

கொஞ்ச நேரம் யோசித்தாள். “ரெண்டும்தான்.”

அவ்வளவுதான் ‘கி’. நி-கி-ஃபூமா: நான் நெய்தால். உ-கி-ஃபூமா: நீ நெய்தால். அ-கி-ஃபூமா: அவர் நெய்தால். ‘வைல்’ என்று தனியாகப் பயமுறுத்தியதும் நம்மிடம் உண்டு. ‘நிலிம்வோனா அகிஃபூமா’ என்பதை ‘அவர் நெய்யக் கண்டேன்’ என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. தமிழன் ஆங்கிலத்தின் வழியாகச் சுவாகிலி படிப்பது வேலூர் போகிறவன் சென்னைக்குப் போய்விட்டுத் திரும்பி வருவது மாதிரி.

வினையெச்ச வாய்பாடுகள் தொல்காப்பியத்தில் ஒன்பது, நன்னூலில் பன்னிரண்டு. செய்து, செய, செயின் என்று வகுப்பில் ராகம் போட்டு ஒப்பித்தவைதான். காலம், நிபந்தனை, நோக்கம் எல்லாவற்றையும் தனிச்சொல் வைக்காமல் வினையின் உடம்பிலேயே ஒட்டிவிடும் பழக்கம் நமக்கும் அவர்களுக்கும் பொது. ஒட்டும் வரிசைதான் தலைகீழ். ‘நெய்தேன்’ என்பதில் முதலில் நெய், பிறகு காலம், கடைசியில் நான். ‘நிலிஃபூமா’ என்பதில் முதலில் நான் (நி), பிறகு இறந்தகாலம் (லி), கடைசியில் நெய். இதில் ‘போ’ என்ற அசையைச் செருகி நி-லி-போ-ஃபூமா என்றால் ‘நான் நெய்தபோது’.

இன்னொன்று. ‘நெய்து’ என்ற சொல்லைப் பார்த்து யார் நெய்தது என்று சொல்ல முடியாது. அதனால்தான் ‘செய்து’ என்னும் எச்சம் கொள்ளும் முற்றுவினைக்கும் எழுவாய் அதுவே என்று தொல்காப்பியர் கட்டினார். பட்டு வாங்கி, நெய்து, விற்றார் என்றால் மூன்றும் ஒரே ஆள். சுவாகிலியில் ‘அலினுனுவா ஹரீரி, அகாஃபூமா, அகாஉசா’ என்று ஒவ்வொரு வினையும் தன் எழுவாயைத் தலையில் சுமந்துகொண்டு வரும்.

அவளுக்கு விநோதமாகப் பட்டது ‘கப்லா’, அதாவது முன். ‘மழை பெய்வதற்கு முன்’ என்பதற்கு ‘கப்லா ம்வுவா ஹாஇஜாஞேஷா’ என்கிறார்கள். பிரித்தால், ‘முன், மழை இன்னும் பெய்யவில்லை’. நடுவில் எதிர்மறை எதற்கு என்றாள். அவள் அப்பா விடிகாலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுகிறவர். வானம் கறுத்தால் அவருக்கு வயிற்றைக் கலக்கும். அவருக்கு மழை இன்னும் பெய்யாமல் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் கணக்கு என்றேன். வள்ளுவரும் 435-ஆம் குறளில் ‘வருமுன்னர்’ என்றவர், 335-இல் ‘வாராமுன்’ என்று எதிர்மறையில் சொல்கிறார். இரண்டுக்கும் உரை எழுதிய பரிமேலழகர் எங்கள் ஊர்க்காரர் என்பது மரபு. அந்தப் பெருமையை அவளிடம் சொல்லாமல் விட முடியுமா?

நன்னூல் கைகொடுக்காத இடம் ‘ங்கே’. ‘காசு இருந்தா பட்டு எடுப்பேன்’ என்று ஒருத்தி சொன்னால், போனஸ் வரப்போகிறதா, வெறும் ஆசையா என்பதை அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சுவாகிலிக்காரர் நடக்கக்கூடியதற்குக் ‘கி’ போடுவார், வெறும் ஆசைக்கு ‘ங்கே’ போடுவார். அதையும் இரண்டு வினையிலும் போட வேண்டும்: ‘நிங்கேகுவா ந பெசா, நிங்கேனுனுவா ஹரீரி.’ இதை மனப்பாடம்தான் செய்தாள்.

போய்ச் சேர்ந்த பிறகு ஒரு குரல்பதிவு அனுப்பினாள்: ‘நிங்கேகுவா ந வகாத்தி, நிங்கேபிகா சிமு கிலா சிகு.’ நேரம் இருந்தால் தினமும் போன் பண்ணுவேன் என்கிறாள். இலக்கணம் சுத்தம். ‘கி’ போட்டிருந்தாலாவது போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.