தொழிற்சாலைக் கசடு உயிரிக்கரி

தொழிற்சாலைக் கசடு உயிரிக்கரி என்பது, ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரித்த பின் எஞ்சும் சேற்றை உலர்த்தி, காற்றுப் புகாத உலையில் சூடாக்கிப் பெறப்படும் கரி ஆகும். இவ்வாறு காற்றின்றிச் சூடாக்கும் முறை வெப்பச்சிதைவு (பைரோலிசிஸ்) எனப்படும்.

பின்னணி

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான ஆவடி, அம்பத்தூர் ஆகியவற்றில் 1960களிலிருந்து தொழிற்சாலைகள் பெருகின. உதிரிபாகத் தயாரிப்பு, மின்முலாம் பூச்சு, பால் பதப்படுத்துதல் எனப் பலவகைத் தொழில்கள் இங்கு நடைபெறுகின்றன. அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளும் அருகிலேயே உள்ளன. கசடைத் திறந்தவெளியில் கொட்டினால், மழைநீரோடு கரைந்து ஏரியையும் நிலத்தடி நீரையும் அடையும். குவித்து வைப்பதும் ஆபத்தே. இராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் தோல் ஆலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் 2015 சனவரி 31 அன்று இடிந்ததில் 10 தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

செய்முறை

1. பிழிதல்: கசடில் பெரும்பகுதி நீரே. வடிகட்டி அழுத்தி மூலம் நீர் பிழியப்படுகிறது.
2. உலர்த்துதல்: வெயிலிலோ வெப்பக் காற்றிலோ உலர்த்தப்படுகிறது. அதிக ஆற்றல் தேவைப்படும் கட்டம் இதுவே.
3. கரியாக்குதல்: ஏறத்தாழ 300 முதல் 700 பாகை செல்சியசில் சூடாக்கும்போது கரிமப் பொருள்கள் சிதைந்து வாயு, எண்ணெய், கரி ஆகின்றன. வாயுவை எரித்து உலைக்கே வெப்பம் தரலாம்.

நோய்க்கிருமிகள் அழிகின்றன, எடையும் குறைகிறது. கரிமத்தின் ஒரு பகுதி எளிதில் மட்காத வடிவில் தங்குகிறது.

எந்தக் கசடு ஏற்றது?

பால், உணவு, காகித ஆலைகளின் உயிரியல் கசடில் கரிமம் மிகுதி. ஆகவே அது கரியாகும். மின்முலாம் பட்டறைக் கசடோ பெரும்பாலும் நிக்கல், துத்தநாகம், குரோமியம் ஆகியவற்றின் ஐதராக்சைடுகள். அதைச் சூடாக்கினால் கரி கிடைக்காது. உலோகச் சாம்பலே மிஞ்சும்.

உலோகங்கள்

வெப்பம் உலோகத்தை அழிப்பதில்லை. எடை பாதியானால், ஆவியாகாத உலோகத்தின் செறிவு இருமடங்காகும். பாதரசம் ஆவியாகிப் புகையோடு வெளியேறக்கூடும். எனினும் பல உலோகங்கள் கரியில் இறுகப் பிணைவதால் நீரில் கசிவது குறையலாம். தோல் ஆலைக் கசடில் உள்ள மூவிணைதிற குரோமியம், காற்றோடு எரிக்கும்போது நச்சுத்தன்மை மிக்க அறுவிணைதிற குரோமியமாக மாறக்கூடும். காற்றில்லாச் சூழலில் இம்மாற்றம் பெரிதும் தடுக்கப்படுகிறது. சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், காற்றைக் குறைத்து இக்கசடை எரிக்கும் முறையை ஆராய்ந்துள்ளது.

பயன்பாடும் சட்டமும்

உலோகம் குறைந்த கரியை மண்வளத்துக்கும், சாயநீரில் நிறம் நீக்கவும் பயன்படுத்தலாம். உலோகம் மிகுந்ததை வயலில் இடக்கூடாது. பயிர் வழியாக அது உணவுக்கு வரும்.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி, அபாயகரக் கசடைப் பயன்படுத்த மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி தேவை. பயன்படுத்த இயலாதவற்றுக்குக் கும்மிடிப்பூண்டியில் பாதுகாப்பான நிலநிரப்பு உள்ளது. கரியாக்கியதனாலேயே ஒரு கசடு தீங்கற்றதாகிவிடாது. உலோக அளவும் கசிவும் சோதிக்கப்பட்ட பின்னரே அது உரமா, கழிவா என முடிவு செய்ய முடியும்.