வைக்கோலிலிருந்து எரிபொருள் மதுசாரம்

அறுவடை முடிந்ததும் வயலிற் கிடக்கும் வைக்கோலைக் கமக்காரர் பலர் தீயிட்டுக் கொளுத்திவிடுகின்றனர். அவ்வைக்கோலிலிருந்து வாகனங்களுக்கு உதவும் எதனோல் என்னும் மதுசாரத்தைப் பெறலாம். ஆண்டொன்றிற்கு 2 இலட்சம் தொன் நெல் வைக்கோலிலிருந்து ஏறத்தாழ 3 கோடி இலீற்றர் எதனோல் பெறும் நோக்குடன் அமைந்த ஆலையொன்று, இந்தியாவின் பானிப்பத்து நகரில் 2022 ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டது. வைக்கோலில் ஆலைக்குச் செல்ல வேண்டியது எது, வயலுக்கு உரியது எது என்பதை நீங்கள் அறிந்திருத்தல் நன்று.

மதுவத்தின் தொழில்

மதுவம் என்பது கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர். பனங்கள்ளைப் புளிக்கச் செய்வதும் அப்ப மாவைப் பொங்கச் செய்வதும் இதுவே. வளி இல்லாதவிடத்து இது வெல்லத்தை உண்டு, மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடும். 100 கிலோகிராம் குளுக்கோசு முற்றாக நொதித்தால் ஏறத்தாழ 51 கிலோகிராம் மதுசாரம் உண்டாகும். முட்டியினுள்ளே சுண்ணாம்பு பூசுவது, மதுவம் பெருகாமல் தடுத்துக் கருப்பநீரை இனிப்பாக வைத்திருப்பதற்கேயாம்.

வைக்கோலில் வெல்லம் எங்கே?

வைக்கோலின் நிறையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு செலுலோசு ஆகும். இது குளுக்கோசு அலகுகள் நீண்ட சங்கிலியாகப் பிணைந்த பொருள். அதனைச் சூழ்ந்து அரைச்செலுலோசும் இலிக்னினும் உள்ளன. இச்சங்கிலியை அறுக்க மதுவத்தால் இயலாது.

ஆதலால் ஆலையில் முதலாவதாக, நறுக்கிய வைக்கோலை ஐதான அமிலமும் கொதிநீராவியும் கொண்டு இளக்குவர். இரண்டாவதாக, பூஞ்சணங்களிலிருந்து பெற்ற நொதியங்களைச் சேர்த்துச் செலுலோசைக் குளுக்கோசாக மாற்றுவர். அதன் பின்னரே மதுவத்தை இடுவர். ஈற்றில், நொதித்த நீரைக் காய்ச்சி வடித்து, எஞ்சிய நீரையும் அகற்றுவர்.

பெல்வத்தை, செவனகலை ஆகிய இடங்களிற் கரும்பாலைப் பாகிலிருந்து மதுசாரம் வடித்தல் இதனிலும் எளிது. அப்பாகில் வெல்லம் ஏற்கெனவே கரைந்துள்ளமையே அதற்குக் காரணமாகும்.

வயலின் பங்கு

மதுசாரத்தில் உள்ளவை காபன், ஐதரசன், ஒட்சிசன் என்பன மட்டுமே. இவற்றைப் பயிர் வளியிலிருந்தும் நீரிலிருந்தும் பெற்றது. மண்ணிலிருந்து பெற்ற பொற்றாசியம் மதுசாரத்துடன் செல்வதில்லை; ஆலையின் கழிவிலும் சாம்பலிலும் தங்கிவிடும்.

ஒரு தொன் வைக்கோலில் 12 முதல் 17 கிலோகிராம் வரை பொற்றாசியம் உண்டு. இதனை ஈடுசெய்ய 24 முதல் 34 கிலோகிராம் வரை மியூரியேற்றுப் பொற்றாசுப் பசளை வேண்டும். 5 முதல் 8 கிலோகிராம் வரை நைதரசனும் அதே வைக்கோலில் உண்டு. கொளுத்தினால் அந்நைதரசன் பெரும்பாலும் புகையோடு போய்விடும்.

ஆகையால் எவரேனும் வைக்கோலை விலைக்குக் கேட்டால், அவர் தரும் பணத்தை மட்டும் எண்ணாதீர்கள். அப்பசளையின் விலையைக் கூலியோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். கழிவையோ சாம்பலையோ வயலுக்குத் திருப்பித் தருவாரா என்றும் கேளுங்கள். கொடுக்கும் விலை பசளைச் செலவிலும் குறைவாயின், நீங்கள் விற்பது வைக்கோலை அன்று, உங்கள் மண்ணின் வளத்தையே என்று அறிக.

வாங்குவார் இல்லையெனினும் வைக்கோலைக் கொளுத்த வேண்டாம். வயல் முழுவதும் சமமாகப் பரப்பி, விதைப்பதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே உழுது மண்ணுடன் கலந்துவிடுங்கள். உக்கும் காலத்தில் நுண்ணுயிர்கள் மண்ணின் நைதரசனை எடுத்துக்கொள்வதால், பிந்தி உழுதாற் பயிர் மஞ்சளிக்கும். மரக்கறிச் செய்கையாளர் அதனைப் பாத்திகளின் மேல் மூடி ஈரத்தைக் காக்கலாம். மாட்டெருவுடன் அடுக்கிக் கூட்டெருவும் ஆக்கலாம்.

மதுசாரத்தை வீட்டில் வடிக்க முற்படாதீர்கள். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். உத்தரவுப்பத்திரம் இன்றி வடித்தல் சட்டப்படி குற்றமுமாகும்.