பழைய கணினிக்கு எந்தத் திரை?

மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப் போகிறார்கள் என்றால் முதலில் காலியாவது பரண். கொலு பொம்மைப் பெட்டி, பித்தளை அண்டா, பேசாத ரேடியோ இவற்றோடு எப்போதாவது ஒரு கறுப்புக் கீபோர்டும் இறங்கி வரும். பார்க்கத்தான் கீபோர்டு, முழுக் கணினியே அதற்குள்தான் இருக்கிறது. 1982-ல் பிரிட்டனில் வெளிவந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் அது. இங்கே டெசிபெல்ஸ் நிறுவனம் ‘டிபி ஸ்பெக்ட்ரம்+’ என்ற பெயரில் விற்றது. துடைத்து, உயிர் கொடுத்துவிட்டாலும் அடுத்த கேள்வி நிற்கும்: படத்தை எதில் பார்ப்பது?

அந்தக் காலத்தில் வீட்டு டிவிதான் திரை. ஆன்டெனா துளையில் ஒயரைச் செருகி, யுஎச்எஃப் அலைவரிசையின் 36-ஆம் சேனலைப் பிடிக்க வேண்டும். சென்னை தூர்தர்ஷன் வந்ததோ வேறு அலைவரிசையான விஎச்எஃப்பில். அதனால் பல டிவிகளில் யுஎச்எஃப்பே கிடையாது. அதையும் சமாளித்தவர்கள் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பாட்டு நிகழ்ச்சி தொடங்குமுன் கணினியை மூட்டை கட்டியாக வேண்டும். தூர்தர்ஷனில் 1982-லேயே வண்ணம் வந்துவிட்டது. ஆனாலும் கறுப்பு வெள்ளை டிவி வைத்திருந்த வீடுகளில் ஸ்பெக்ட்ரத்தின் வண்ணமெல்லாம் சாம்பல்தான்.

பள்ளிகளுக்கு வந்த கணினி வேறு. 1984-85-ல் மத்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கிடைத்தது. அதன் முதுகில் படத்துக்கு மூன்று வழிகள். டிவிக்குப் போவது ஒன்று. இன்னொன்று முழுப் படத்தையும் ஒரே ஒயரில் அனுப்பும் காம்போசிட், உள்ளே ஒரு சிறு இணைப்பைப் போடாவிட்டால் அதில் கறுப்பு வெள்ளைதான் வரும். மூன்றாவதான ஆர்ஜிபிதான் ராஜா. சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனி ஒயர். ஒவ்வொன்றும் எரியும் அல்லது அணையும். மூன்று சுவிட்சை எட்டு விதமாகப் போடலாம் அல்லவா, அதனால் எட்டு வண்ணம். எழுத்து கத்தி வெட்டியதுபோல் நிற்கும்.

மூன்று ஒயர்தானே, கம்ப்யூட்டர் மானிட்டரின் விஜிஏ பிளக்கில் சாலிடர் வைத்துவிடலாம் என்று எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி தெருவுக்குக் கிளம்புகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். பிளக் பொருந்தும், படம் வராது. நம் டிவி முறையில் ஒரு படத்துக்கு 625 வரி, நொடிக்கு 25 படம்; பெருக்கினால் நொடிக்கு 15,625 வரி. பழைய கணினி அனுப்புவதும் ஏறத்தாழ அதே வேகத்தில்தான். விஜிஏ மானிட்டர் எதிர்பார்ப்பதோ சுமார் 31,500. இரண்டுக்கும் நடுவில் வேகத்தை இரட்டிப்பாக்கும் மாற்றி ஒன்று வேண்டும். ஜிபிஎஸ்-8200 என்ற சீனப் போர்டு அதைச் செய்யும். பிபிசியிலிருந்து வருவது இதற்குக் கூடுதல் வோல்டேஜ்; ஒவ்வொரு வண்ண ஒயரிலும் ஒரு ரெசிஸ்டர் போடாமல் இணைக்கக் கூடாது. ராஸ்பெரி பை ஜீரோ என்ற குட்டிக் கணினியை வைத்துச் செய்யும் ‘ஆர்ஜிபி டு எச்டிஎம்ஐ’ போர்டில் படம் இன்னும் சுத்தம்.

ஸ்பெக்ட்ரத்துக்கு இவ்வளவு பாடு வேண்டாம். உள்ளே தீப்பெட்டி போன்ற ஒரு தகர டப்பா இருக்கும், படத்தை டிவி சேனலாக மாற்றும் மாடுலேட்டர் அதுதான். அதற்குள் இரண்டு ஒயர் போகும்: ஒன்று 5 வோல்ட், மற்றது படம். இரண்டையும் கழற்றிவிட்டு, பட ஒயரை நேராக வெளித்துளையின் நடுமுனையில் வைத்தால் போதும். பிறகு டிவியின் மஞ்சள் ஏவி துளையில் செருகலாம். இன்னொரு பழைய கணினியான கமோடோர் 64 ஒளியையும் வண்ணத்தையும் பிரித்தே அனுப்புவதால், எஸ்-வீடியோ உள்ள டிவியில் அது இன்னும் தெளிவு.

எல்சிடியில் இந்தப் படம் வந்தாலும் கட்டம் கட்டமாகத் தெரியும். பிக்சர் டியூபுக்காக வரையப்பட்ட படம் டியூபில்தான் குழைந்து வரும். ஏவி துளை இல்லாத டிவியைத் திறந்து துளை வைக்க மட்டும் நீங்களே இறங்க வேண்டாம். டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட், அணைத்த பிறகும் தங்கியிருக்கும். சில பழைய டிவிகளில் சேஸிஸிலேயே கரண்ட் ஓடும்.

வீட்டு மூலையில் டியூப் டிவி இன்னும் இருந்தால், காயலான் கடைக்காரரைக் கூப்பிடுமுன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பின்னால் மஞ்சள் துளை இருந்தால் கொடுத்துவிடாதீர்கள்.