உவர்நீர் இறால் குளங்களும் அடுத்துள்ள நஞ்சைகளும்

இறால் குளத்தினால் அண்டை வயலுக்கு நேரும் கெடுதல், கரை உடைந்து நீர் பாய்வதனால் மட்டுமே உண்டாவதென்று குடியானவர் பலர் எண்ணியிருக்கின்றனர். கரை உடைந்தால் எவர் கண்ணுக்கும் தெரியும், உடனே அடைத்துவிடலாம். மண்ணுக்குள் நடப்பதே பெருங்கேடு.

கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு அடங்கியுள்ளது. முகத்துவாரத்து நீரில் இதிற் பாதியே இருப்பினும், வயல் மட்டத்திற்கு மேலாகக் கரைகட்டி மாதக்கணக்கில் அதனை நிறுத்திவைத்தால் கீழும் பக்கமும் கசிந்துகொண்டேயிருக்கும். மணற்பாங்கான பூமியில் கசிவு மிகுதி. இறுகிய களியில் குறைவு. கசிவினால் நிலத்தடி நீர் உயர்ந்து, கோடையில் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறி ஆவியாகிறது. உப்போ மேல்மண்ணில் தங்கிவிடுகிறது. பங்குனி, சித்திரையில் வரப்போரம் வெண்மையாகப் பூப்பது இதுவே. மண்சாற்றின் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 3 டெசிசைமனைத் தாண்டியதும் நெல் மகசூல் இறங்கத் தொடங்கும். அதற்குமேல் ஒவ்வோர் அலகிற்கும் சுமார் 100-க்கு 12 வீதம் குறையும். இளநாற்றும் பூக்கும் பயிரும் முதலில் வாடும். இலைநுனி கருகுதலையும் பதர் மிகுதலையும் நோயென்று கருதி மருந்தடிப்பது வீண்செலவே.

இறால் பிடித்தபின் திறந்துவிடப்படும் கழிவுநீர் பொது வாய்க்காலில் இறங்குமாயின், கீழ்மடைக்காரரும் அதனையே இறைத்துப் பாய்ச்ச நேரிடும். நன்னீர்க் கெண்டைக் குளங்களுக்கு இவ்வாட்சேபம் பொருந்தாது. அவற்றின் நீர் வயலுக்கு நல்ல உரமாகும்.

நாகப்பட்டினம் ஜில்லாவில் 1990-ஆம் வருஷத்தையடுத்து இறால் பண்ணைகள் பெருகியபோது, கிணறுகள் உவர்த்தன என்னும் முறையீடு எழுந்தது. சர்வோதயத் தொண்டர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில், விவசாய நிலங்களை இறால் குளங்களாக மாற்றலாகாதென்று சுப்ரீம் கோர்ட்டு 1996 டிசம்பர் 11-ந் தேதி தீர்ப்பளித்தது. 2005-ஆம் வருஷத்துச் சட்டப்படி கடலோரப் பண்ணைகளைப் பதிவு செய்தல் அவசியம். பதிவு உளதாவென்று கிராம அதிகாரிகள் விசாரித்தல் நலம்.

குளத்திற்கும் வயலுக்கும் இடையே, குளத்தின் அடிமட்டத்தினும் தாழ்வாக ஒரு கசிவு வாய்க்கால் வெட்டவேண்டும். அதன் போக்கு உப்பாற்றிலே முடியவேண்டும். குளத்தில் நீர் நிரப்புமுன்னரே சுற்றுப்புறக் கிணற்று நீரையும் வயல் மண்ணையும் பரிசோதித்துத் தேதியுடன் எழுதிவைப்பது மிக முக்கியம். பின்னர் வழக்கு நேரின் வேறு சாட்சி கிடைப்பதரிது.

உப்பேறிவிட்ட வயலில் வரப்பை உயர்த்தி, ஐப்பசி கார்த்திகை மழைநீரைத் தேக்கிப் பலமுறை வடித்துவிட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். மண் பரிசோதனையில் களர்த்தன்மையும் தெரிந்தாலன்றி ஜிப்சம் இடுவதில் பிரயோஜனமில்லை. வடிகாலில்லாத நிலத்திலோ தேக்கிய நீர் உப்பை அங்கேயே விட்டு வற்றிப்போகுமாதலின், முதலில் வடிகாலைச் செப்பனிட்டுக் கொள்க.