மெதுவாக ஓடிய மாரியோ

1990களில் தமிழ்நாட்டில் ‘டிவி கேம்’ ஆடி வளர்ந்தவர்கள் கேட்ட மாரியோ இசையும் ஜப்பானியச் சிறுவர்கள் கேட்ட மாரியோ இசையும் ஒன்றல்ல. மெட்டு அதேதான், காலப்பிரமாணம்தான் வேறு. அங்கே ஒரு நிமிடத்தில் முடிந்த இசை, இங்கே முடிய 72 விநாடி பிடித்தது. அந்த வேகத்தில் கேட்டே பழகியதால் யாருக்கும் அது மெதுவாகத் தோன்றவில்லை.

பழைய விளையாட்டுகளின் மேல் உள்ள பிரியத்தில், அதே பாணியில் சொந்தமாக ஒன்றைச் செய்து நண்பர்களுக்குள் சுற்றுக்கு விடுவது இன்று உலகெங்கும் நடக்கிறது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையைக் களமாக வைத்து ஒருவர் அப்படியொரு ரசிகர் விளையாட்டைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சூளைக்கும் அச்சுக்கும் நடுவே நாயகன் தாவிக் குதிக்க வேண்டும், பின்னணியில் அந்தக் கால டிவி கேம் இசை ஒலிக்க வேண்டும். பழைய கேசட்டிலிருந்து இசையை எடுத்துப் புது விளையாட்டில் சேர்க்க வேண்டியதுதானே என்று இறங்கினால், முதல் கேள்வியே இடறும். எந்த வேகத்தில் எடுப்பது?

நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கருவிதான் இந்தக் கதையின் மூலம். நம் ஊர்க் கடைகளில் டெர்மினேட்டர், லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களில் விற்றவை அதன் நகல்கள். ஜப்பானியத் தொலைக்காட்சி விநாடிக்கு சுமார் 60 முறை திரையைப் புதுப்பிக்கும். இந்தியா கைக்கொண்ட ‘பால்’ முறையில் அது 50 முறை. அக்கால விளையாட்டுகள் பலவற்றில், திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது இசையும் ஓர் அடி நகரும்படி நிரல் எழுதியிருந்தார்கள். ஐரோப்பாவில் விற்ற சில விளையாட்டுகளில் இதற்கேற்பக் கணக்கைத் திருத்தினார்கள். இங்கே வந்த நகல் கேசட்டுகளில் இருந்ததோ 60க்கு எழுதிய நிரல். அது 50இல் ஓடியபோது நாயகனின் ஓட்டமும் பின்னணி இசையும் சேர்ந்தே தளர்ந்தன.

கேசட் என்று நாம் சொன்ன அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒலிநாடா எதுவும் கிடையாது. பதிவான ஒலியும் அநேகமாக இல்லை. 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ முழுவதும், படங்கள், நிரல், கோஜி கோண்டோ அமைத்த இசை எல்லாம் சேர்த்து, 40 கிலோபைட்தான். குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு நிமிட இசையைப் பதிவு செய்தால் 10 மெகாபைட்டைத் தாண்டும். அதாவது முழு விளையாட்டைப்போல 250 மடங்குக்கு மேல்.

கேசட்டில் இருந்தது கட்டளை. இந்தச் சுரத்தை இவ்வளவு நேரம் இந்த ஒலிவழியில் வாசி என்ற எண்களின் வரிசை. ஒலியை அங்கேயே அப்போதே உண்டாக்கியது, ரிகோ நிறுவனம் தயாரித்த 2ஏ03 என்ற சில்லு. விருத்தாசலத்துப் பட்டறைகளில் பொம்மை செய்யும் முறை இதை விளக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் களிமண் கூழை ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச, உட்சுவரில் மண் படியும். மிச்சக் கூழை வடித்துவிட்டு எடுத்தால் பொம்மை. கேசட்டில் இருந்த எண்கள் அச்சு. காதில் விழுந்த இசை பொம்மை. அச்சு ஒன்றேயானாலும் ஊற்றும் கூழும் சுடும் சூளையும் மாறினால் வந்து சேரும் பொம்மையின் அளவும் நிறமும் மாறும்.

அந்தச் சில்லில் ஐந்து ஒலிவழிகள் இருந்தன. மெட்டை வாசிக்க இரண்டு சதுர அலைகள். அடிச்சுருதிக்கு ஒரு முக்கோண அலை. அதற்கு ஒலியளவைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. தாளத்துக்கு இரைச்சல் வழி ஒன்று. சிறு ஒலித்துண்டுகளை வாசிக்க இன்னொன்று. மூன்று சுரங்களை ஒருசேர ஒலிக்க வழியில்லாத இடத்தில், அவற்றைக் கண்ணிமைக்கும் நேரத்தில் மாற்றி மாற்றி வாசித்து, காதை ஏமாற்றினார்கள் இசையமைப்பாளர்கள். விநாடிக்கு 60 முறை மாறும்போது அது கூட்டுச் சுரமாகக் கேட்கும். 50இல் அதே இடம் கொஞ்சம் நடுங்கும்.

சுருதிக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். சதுர அலை வழிக்கு நிரல் ஓர் எண்ணைக் கொடுக்கும். சில்லின் கடிகார வேகத்தை, அந்த எண்ணுடன் ஒன்றைக் கூட்டி 16ஆல் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். ஜப்பானியக் கருவியின் கடிகாரம் விநாடிக்கு 17,89,773 துடிப்பு. எண் 253 என்றால் விடை 440.4 ஹெர்ட்ஸ், ஏறக்குறைய ஆறு கட்டை சுருதி. ஐரோப்பாவில் விற்ற அசல் கருவியின் கடிகாரம் 16,62,607 துடிப்பு. அதே 253 அங்கே 409 ஹெர்ட்ஸாகி, அரைக் கட்டைக்கும் மேலாக இறங்கிவிடும். பால் முறைக்கான நகல் கருவிகளைச் செய்தவர்கள் இங்கே கெட்டிக்காரத்தனம் காட்டினார்கள். கடிகாரத்தை 17,73,448இல் வைத்தார்கள். விடை 436.4 ஹெர்ட்ஸ். காதுக்கு வித்தியாசம் தெரியாத அளவுக்குச் சுருதி நின்றது, வேகம் மட்டுமே குறைந்தது.

நாதத்திலும் ஒரு மாறுதல் நேர்ந்தது. சதுர அலை ஒரு சுற்றில் எவ்வளவு நேரம் உச்சத்தில் நிற்கிறது என்பதை வைத்து அதன் குணம் அமையும். பாதி நேரம் நின்றால் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டும் எழும். ஏ.கே.சி. நடராஜன் கர்நாடக இசை வாசித்த கிளாரினெட்டின் கீழ் ஸ்தாயியிலும் அவைதான் ஓங்கி நிற்கும். கால் பங்கு நேரம் நின்றால் ஒலி மெலிந்து கூர்மையாகும். நகல் சில்லுகள் பலவற்றில் இந்த இரண்டும் இடம் மாறிக் கிடந்தன. அசலில் கூர்மையாக ஒலிக்க வேண்டிய இடத்தில் உள்ளீடற்ற நாதமும், அதற்கு மாறாகவும் வந்தது. ஆக, வேகத்தில் ஒன்று, நாதத்தில் ஒன்று என இரண்டு வகையில் மாறிய இசையே சாலிடேர், டயனோரா பெட்டிகளின் ஒலிபெருக்கியில் கேட்டது.

இந்த இசையை இன்றைய விளையாட்டுக்குள் கொண்டுவர மூன்று வழிகள் உண்டு. முதலாவது, இசைப் பகுதியை ‘என்.எஸ்.எஃப்’ என்ற கோப்பாகப் பிரித்தெடுத்து, சில்லைப் போலி செய்யும் மென்பொருளில் ஓடவிட்டு, வரும் ஒலியைப் பதிவு செய்வது. எளிது, ஆனால் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன.

ஒன்று மாதிரி எடுக்கும் வேகம். விநாடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் பதிவில் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் வைக்க முடியாது. 3,000 ஹெர்ட்ஸ் சதுர அலையின் 13ஆவது மேற்சுரம் 39,000 ஹெர்ட்ஸ். முன்கூட்டியே அதை வடிகட்டாவிட்டால் அது மறைந்துபோகாமல், 44,100இலிருந்து கழிந்து 5,100 ஹெர்ட்ஸாகத் தலைகாட்டும். மெட்டோடு ஒட்டாத அபஸ்வரம் அது. நல்ல போலி மென்பொருள்கள் அலையின் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தையும் வடிகட்டியே பதிவில் சேர்ப்பது இதனால்தான்.

இன்னொன்று சுழற்சி. விளையாட்டு இசை முடிவில்லாமல் சுற்ற வேண்டும். எம்பி-3 கோப்பு ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட கட்டங்களாக வெட்டி, முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனத்தையும் சேர்த்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் தாளம் தட்டும். ‘ஆக் வார்பிஸ்’ கோப்பில் அந்தத் தொல்லை இல்லை. முகப்பு இசை ஒருமுறை மட்டும் வந்து, எந்த மாதிரியிலிருந்து சுற்று தொடங்க வேண்டும் என்பதைக் கோப்பிலேயே குறித்துவைக்கலாம். ஆர்பிஜி மேக்கர் போன்ற கருவிகள் அந்தக் குறிப்பைப் படித்துக்கொள்ளும்.

இரண்டாவது வழி ‘மிடி’யாக மாற்றுவது. சுரமும் நேரமும் வந்துவிடும், நாதம் வராது. சதுர அலைக்குப் பதில் பியானோவையோ வீணையையோ வைத்துப் புது மெருகு கொடுக்க விரும்புவோருக்கு இது ஏற்றது.

மூன்றாவது, பதிவே செய்யாமல் அந்தச் சிறு கட்டளைக் கோப்பையும் போலிச் சில்லையும் விளையாட்டுக்குள்ளேயே வைத்துவிடுவது. ‘கேம் மியூசிக் எமு’ என்ற திறந்த மூல நிரல் நூலகம் இதைச் செய்கிறது. ஆட்டம் ஓடும்போதே வேகத்தை மாற்றலாம். ஆபத்தான கட்டத்தில் மெட்டை முடுக்கலாம், ஒரு வழியை மட்டும் அணைக்கலாம்.

பீங்கானுக்கும் இந்த இசைக்கும் உவமையைத் தாண்டிய உறவு உண்டு. நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணை நம்பி வளர்ந்த விருத்தாசலம் ஜாடி, பொம்மையோடு மின்சாரப் பீங்கானுக்கும் பேர்போனது. இன்சுலேட்டரும் ஃபியூஸ் கட்டையும் அங்கிருந்து போகின்றன. நிண்டெண்டோவின் ஊரான கியோட்டோவும் பீங்கானுக்குப் பேர்போன நகரம்தான். அங்கே குடும்பத்துப் பீங்கான் தொழிலிலிருந்து வந்த அகிரா முராட்டா 1944இல் மின்தேக்கி செய்யத் தொடங்கினார். 1959இல் ‘கியோட்டோ செராமிக்’ என்று பிறந்த கியோசெராவின் முதல் சரக்கு, தொலைக்காட்சிப் படக்குழாய்க்கான பீங்கான் இன்சுலேட்டர்.

அழுத்தினால் மின்சாரம் தருவதும், மின்சாரம் தந்தால் வளைவதும் சில வகைப் பீங்கானின் குணம். பித்தளைத் தகட்டில் ஒட்டிய அத்தகைய மெல்லிய வில்லைதான் கடிகாரத்திலும் கையடக்க ‘பிரிக் கேம்’களிலும் கீச்சிடும் பஸ்ஸர். கல்லூரி மாணவர்கள் ஆர்டுயினோ பலகையில் விளையாட்டு செய்யும்போது இசைக்கு முதலில் கைக்கு எட்டுவதும் அதுவே. அதன் இயல்பான அதிர்வு பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். கீழ்ச் சுரங்கள் காற்றில் எழாது. எனவே அடிச்சுருதி வழியைக் கைவிட்டு, மெட்டை ஒன்றிரண்டு ஸ்தாயி மேலேற்றித்தான் மாற்ற வேண்டும்.

சட்டம் தனிக் கணக்கு. மெட்டின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு என்பது இளையராஜா பாடல் வழக்குகளைப் படித்துவரும் தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, மெட்டின் உரிமை இசையமைப்பாளர் காலமான பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். கோப்பின் வடிவத்தை மாற்றுவதால் உரிமை கை மாறாது. ‘மெட்ராய்டு 2’ விளையாட்டை ரசிகர்கள் புதுப்பித்து 2016 ஆகஸ்டில் வெளியிட்டபோது, நிண்டெண்டோவின் நோட்டீசால் சில நாட்களிலேயே அதை விலக்கிக்கொள்ள நேர்ந்தது. எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. பழைய விளையாட்டு இசையை மாற்றியமைத்து இணையத்தில் பெயர் வாங்கிய டீ லோப்ஸ், 2017இல் சேகா நிறுவனத்தின் ‘சோனிக் மேனியா’வுக்கே இசையமைத்தார்.

வம்பில்லாத வழி, அதே ஐந்து ஒலிவழிகளுக்குப் புதிதாக மெட்டமைப்பது. ஃபேமிட்ராக்கர், ஃபேமிஸ்டுடியோ போன்ற இலவச மென்பொருள்கள் அதற்கென்றே இருக்கின்றன. அவற்றில் 60, 50 இரண்டு முறைகளுக்கும் எழுதலாம். மூன்றாவது வழியில் போகிறவர் இரண்டையும் அமைப்புகள் பக்கத்தில் தேர்வாகக் கொடுத்துவிடலாம். ஆடுபவர் 50ஐத் தேர்ந்தால் அந்த நகல் கருவியின் நடையில் மெட்டு நகரும். சதுர அலை மாறிய குறையையும் சேர்த்துக் கொடுக்க நிரலில் இரண்டு எண்களை இடம் மாற்றி வைத்தால் போதும்.